மெஷின் இல்லாத ஒரு பருவம்: கைத்தையல் வகுப்பைப் பற்றி ஒரு லேப் வாத்தியார்

துணித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் பரிசோதனைக்கூடப் பாடம் எடுக்கிறேன். துணியை இழுத்துக் கிழிப்பது, தேய்த்து ஓட்டை போடுவது, துவைத்துச் சுருங்க வைப்பது, கடைசியில் எல்லாவற்றையும் எண்ணாக்கிப் பதிவேட்டில் எழுத வைப்பது. எங்கள் துறையில் விருப்பப் பாடமாக ‘கையால் ஆடை தயாரித்தல்’ என்று ஒரு பருவ வகுப்பு வந்தது. தையல் மெஷினைத் தொடவே கூடாது. ஊசி, நூல், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, அவ்வளவுதான். பருவ முடிவில் ஒரு முழுக்கைச் சட்டையை முழுக்க முழுக்கக் கையாலேயே தைத்து ஒப்படைக்க வேண்டும். அந்த வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சேரலாமா என்று யோசிக்கிற மாணவர்களும், இப்படி ஒரு பாடம் தேவையா என்று கேட்கிற துறைத் தலைவர்களும் படித்தால் நல்லது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேருங்கள். தையல்காரர் ஆகிவிடலாம் என்று நினைத்துச் சேராதீர்கள். அதற்கு ஒரு பருவம் போதாது. என் லேபில் எழுதும் எண்களுக்கு அர்த்தம் புரிய வேண்டும் என்றால் இதைவிட நல்ல வகுப்பு எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. குறைகளும் உண்டு, இரண்டு மூன்று எரிச்சலூட்டும் குறைகள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

வகுப்பெடுத்தவர் பல வருடம் சாம்பிள் ரூமில், அதாவது மாதிரி ஆடை தைக்கும் பிரிவில், வேலை பார்த்துவிட்டு வந்த ஓர் அம்மா. பேச்சு குறைவு, கண் கூர்மை. முதல் நாள் ஊசியைக் கையில் தரவே இல்லை. ஆளுக்கு இரண்டு துண்டுத் துணி கொடுத்தார். ஒன்று சுத்தப் பருத்தி, இன்னொன்று சுத்தப் பாலியெஸ்டர். இரண்டும் சாதாரண நெசவு, எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தூர நின்று பார்த்தால் எது எதுவென்று சொல்ல முடியாது. ஓரத்தை அரை சென்டிமீட்டர் மடித்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரே இழுப்பாக இழுக்கச் சொன்னார். பருத்தி மடித்த இடத்திலேயே படுத்துக் கிடந்தது. பாலியெஸ்டர், நகம் நகர்ந்த பின்னாலேயே மெல்ல எழுந்து நின்றது. மறுபடி அழுத்தினார்கள், மறுபடி எழுந்தது. ஒரு பையன் கோபத்தில் மேஜை மேல் வைத்து ஸ்கேலால் தேய்த்தான். அப்போதும் பாதிதான் படிந்தது.

என் லேபில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. சின்னத் துண்டை மடித்து, 10 நியூட்டன் விசையில் 5 நிமிடம் அழுத்தி வைத்து, விடுவித்து, இன்னும் 5 நிமிடம் கழித்து மடிப்பு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கோணம் பார்ப்போம். கோணம் பெரிதாக இருந்தால் துணி சுருக்கம் விழாத ரகம். பிள்ளைகள் இதைப் ‘பெரிய கோணம் நல்ல துணி’ என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அந்த அம்மா கொடுத்த துண்டை நகத்தால் அழுத்திப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது: போட்டுக்கொள்பவருக்கு நல்லதாக இருக்கும் அதே கோணம், மடித்துத் தைப்பவருக்குப் பெரிய தொல்லை. ஒரே எண், இரண்டு பேருக்கு இரண்டு செய்தி. சோதனை அறிக்கை யார் கைக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று சொல்ல முடியும்.

அடுத்த வாரம் லேபில் ஒரு மாணவி வந்து கேட்டாள்: “சார், விரலைக் கொஞ்சம் நனைச்சுட்டு மடிச்சா பருத்தி இன்னும் நல்லா படியுது. பாலியெஸ்டருக்கு ஒரு மாற்றமும் இல்லை. நீங்க சொன்ன ஈரப்பத எண்தானே இது?” அதேதான். 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் என்ற நிலையான சூழலுக்கு, பருத்தி தன் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் அளவுக்கு நீர் ஏற்கும் என்று வைத்துக்கொள்வோம், பாலியெஸ்டருக்கு 0.4தான். உள்ளே போகிற நீர், பருத்தியின் மூலக்கூறுகளுக்கு நடுவே இருக்கும் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. காயும்போது புது வடிவத்தில் அவை மறுபடி பிடித்துக்கொள்கின்றன. இஸ்திரி போடுமுன் தண்ணீர் தெளிப்பது இதனால்தான். நான் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காத எண் அது. இவள் விரல் நுனியில் தெரிந்துகொண்டு வந்து என்னைக் கேட்கிறாள். பொறாமையாக இருந்தது என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

நூல் வகுப்பும் இதே மாதிரிதான். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதே என்று அந்த அம்மா சொன்னார். பிள்ளைகள் கேட்பார்களா? அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டுக் கையை விரித்து ஆள் நீளத்துக்கு எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லார் நூலும் முறுக்கேறி முடிச்சு முடிச்சாகச் சுருண்டது. ஊசியை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் விரல்களுக்குள் அது கொஞ்சம் உருள்கிறது. அந்த உருட்டல் நூலில் ஏற்கெனவே இருக்கும் முறுக்கைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஊசியைத் துணியிலிருந்து தொங்க விட்டால் அது தானாகச் சுழன்று சமநிலைக்கு வந்து நிற்கும். தொங்குகிற ஊசி எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்க்கச் சொன்னார். நூல் முறுக்கில் எஸ், இஸட் என்று இரண்டு திசை உண்டு (இழைகள் சாயும் பக்கம் அந்தந்த எழுத்தின் நடுக்கோடு போல இருக்கும்), தையல் நூல் பெரும்பாலும் இஸட் என்பதை நான் படம் போட்டு விளக்குவேன். இங்கே ஒரு ஊசி சுழன்று காட்டியது. இன்னொன்றையும் கவனித்தார்கள்: நீள நூல், அதே துணிக்குள் அத்தனை முறை நுழைந்து வெளியே வருவதால், கடைசிப் பகுதிக்கு வருவதற்குள் ரோமம் எழும்பி மெலிந்துவிடுகிறது. தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டால் கொஞ்சம் தாங்கும். உராய்வு பற்றி ஒரு பாடமே நடத்தலாம் இதை வைத்து.

ஊசி எண்ணில் ஒரு வேடிக்கை. கை ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலிகிறது. மெஷின் ஊசியில் நேர்மாறு. 70 என்றால் தண்டு 0.70 மில்லிமீட்டர், 90 என்றால் 0.90. இந்தக் குழப்பத்தில் மெல்லிய வாயில் துணிக்குத் தடித்த ஊசியை எடுத்துக் குத்தி, ஓட்டை தெரிகிறதே என்று விழித்தவர்கள் உண்டு. பருத்தியில் அந்த ஓட்டை துவைத்தால் கொஞ்சம் மூடும். நெருக்கமாக நெய்த பட்டிலும், ஃபிலமென்ட் என்கிற அறுபடாத நீள இழையில் நெய்த மெல்லிய துணியிலும் தழும்பாகவே நின்றுவிடும். தையலைப் பிரித்துத் திருத்தலாம் என்ற சலுகை எல்லாத் துணிக்கும் இல்லை.

வகுப்பின் நடுப்பகுதி முழுக்கப் பாவு (துணியின் நீளவாட்டு இழை), ஊடை (குறுக்கு இழை), கிராஸ் (இரண்டுக்கும் சாய்வான திசை). பாதி அளவு டம்மி (ஆடை மாட்டிப் பார்க்கும் உடல் பொம்மை) மேல் சதுரத் துணியை மூன்று விதமாகத் தொங்க விட்டு ஊசி குத்தினார்கள். பாவு நேராக ஒன்று, ஊடை நேராக ஒன்று, 45 டிகிரி சாய்த்து ஒன்று. சாய்த்தது மட்டும் உடம்போடு ஒட்டி, இடுப்பில் ஒரு வெட்டோ மடிப்போ இல்லாமலேயே வளைந்து இறங்கியது. 1920களில் பாரிஸில் மாதலேன் வியோனே என்ற ஆடை வடிவமைப்பாளர் இந்தக் கிராஸ் வெட்டை வைத்துத்தான் பெயர் வாங்கினார். அவரும் காகிதத்தில் வரைவதைவிடச் சின்ன மரப்பொம்மை மேல் துணியைப் போட்டுப் பார்த்தே வடிவமைத்தவர். அந்த அம்மா அவர் பெயரைச் சொன்னதோடு சரி, கதை அளக்கவில்லை. மூன்று துணியையும் மறுநாள் வரை அப்படியே தொங்கவிட்டார். மறுநாள் பாவு நேரானது அசையவில்லை. கிராஸ் துணியின் ஓரம் அங்கங்கே இறங்கிக் கோணிக்கொண்டிருந்தது. கிராஸில் வெட்டிய பாவாடையைத் தொங்கவிட்டு இறங்க வைத்த பிறகுதான் கீழ் மடிப்பு அளக்க வேண்டும் என்பதை இனி யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டாம். என் லேபில் வட்டத் துணியைத் தட்டின் மேல் வைத்து, அது விழுகிற நிழலின் பரப்பைச் சதவீதமாக்கி, துணி எவ்வளவு குழைந்து விழுகிறது என்று எழுதுவோம். நல்ல சோதனைதான். ஆனால் எல்லாத் திசையையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிவிடும். திசைக்குத் திசை துணி வேறு ஆள் என்பது அந்த எண்ணில் காணாமல் போகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கை பொருத்திய வகுப்பு. கோட்டு மாதிரி ஆடைகளில், கைத்துண்டின் மேல்வளைவு, அது போய்ச் சேரவேண்டிய ஆர்ம்ஹோலை (உடல் துண்டில் கை பொருத்தும் திறப்பை) விட 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை நீளமாக இருக்கும். தோள் உருண்டைக்கு இடம் வேண்டுமே, அதற்காக. அந்தக் கூடுதல் நீளத்தை, வெளியே ஒரு சுருக்கும் தெரியாமல் உள்ளே ஒளித்துத் தைக்க வேண்டும். ஒரே அளவுக் கையை இரண்டு துணியில் வெட்டிக் கொடுத்தார்: ஒன்று கம்பளி, ஒன்று பாலியெஸ்டர் ட்வில் (சாய்கோட்டு நெசவு). வளைவின் ஓரத்தில் இரண்டு வரி நெருக்கமான ஓட்டுத் தையல், நுனி நூலை இழுத்துத் துணியைக் குறுக்குதல், பிறகு நீராவி. கம்பளி நீராவி பட்டதும் அந்தச் சுருக்கையெல்லாம் விழுங்கிக்கொண்டு கிண்ணம் மாதிரி நின்றது. கையை விட்டும் வடிவம் போகவில்லை. பாலியெஸ்டர் எத்தனை நீராவி காட்டினாலும் சின்னச் சின்ன மடிப்புகளாகவே இருந்தது. ஒரு மாணவி அரை வகுப்பு அதோடு மல்லுக்கட்டினாள். ஒரு மடிப்பை விரலால் ஒதுக்கினால் பக்கத்தில் இரண்டு முளைத்தன. அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

“என்னம்மா, கை தப்பா, துணி தப்பா?”

“வெட்டு தப்பு மேடம்” என்றாள் அவள், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு. “இந்தத் துணிக்கு இவ்வளவு நீளம் விட்டிருக்கவே கூடாது.”

அவ்வளவுதான் பாடம். வடிவம் வரைபவர், துணி வாங்குபவர், தைப்பவர் மூவரும் மூன்று அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் தொழிலில், கடைசி ஆளின் தலையில் விழும் பாதிப் பழி முதல் இரண்டு பேருடையது. அவள் அதைத் தானாகவே சொன்னாள். நாளை அவள் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து அளவுத்தாள் அனுப்பும்போது, அந்தக் கையைத் தைக்கப்போகிறவர் ஒரு ஆள் என்பது அவள் நினைவில் இருக்கும் என்று நம்புகிறேன்.

தையல் விலகல் பற்றியும் சொல்ல வேண்டும். சாட்டின் துணியில் அக்குள் தையலை ஒரு பையன் அழகாகப் பின் தையலில் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்க் குத்துவது) முடித்திருந்தான். சின்னத் தையல், ஒரே சீர். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அந்த அம்மா இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். நூல் அறவில்லை, தையலும் பிரியவில்லை. துணியின் இழைகளே வழுக்கிக்கொண்டு ஒதுங்கி, தையலை ஒட்டி ஏணிப் படி மாதிரி இடைவெளி திறந்தது. ஃபிலமென்ட் இழை வழுவழுப்பு, சாட்டின் நெசவில் இழைகள் ஒன்றையொன்று கட்டுகிற இடங்கள் குறைவு, போதாததற்கு அவன் தையலுக்கு விட்ட ஓரம் மிகக் குறுகல். லேபில் தையல் 6 மில்லிமீட்டர் திறக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்போம். இந்தப் பையன் அந்தச் சோதனையை ஏற்கெனவே செய்து மதிப்பெண் வாங்கியவன்தான். நல்ல தையல் போட்டாலும் துணி கைவிடும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. மறுபடி வெட்டி, ஓரத்தை அகலமாக விட்டு, இரண்டு முறை மடித்துப் பூட்டித் தைத்தான்.

பிரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகுப்பில் தைத்த நேரத்துக்குச் சமமாகப் பிரித்த நேரமும் இருக்கும். மெஷின் தையலில் இரண்டு நூல் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கிறது. கைத் தையலில் ஒரே நூல். அதனால் பிரிப்பதும் சுலபம், எங்கே தப்பு நடந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதும் சுலபம். ஒவ்வொரு தையலையும் கொஞ்சம் அதிகமாக இழுத்துக்கொண்டே போனால் முழு வரியும் சுருங்கி அலை அலையாகிறது. தையல் சுருக்கத்தை நாங்கள் மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை தரம் போடுவோம். 5 என்றால் சுருக்கமே இல்லை. அந்த 2க்கும் 4க்கும் நடுவே இருப்பது தைப்பவர் விரலின் இழுப்புதான் என்பதைப் பிரித்துப் பிரித்துத் தைத்தவர்கள் நன்றாகவே தெரிந்துகொண்டார்கள்.

அப்புறம் நேரக் கணக்கு. இந்த வகுப்பின் மிகச் சிறந்த யோசனை என்று இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று மாணவர்கள் ஒரு நோட்டில் எழுத வேண்டும். காலர் இவ்வளவு, கஃப் இவ்வளவு, காஜா ஒன்றுக்கு இவ்வளவு என்று. முழுச் சட்டையை 30 மணி நேரத்துக்குள் முடித்தவர் ஒருவரும் இல்லை. காஜா மட்டும் ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு மணி நேரம் தின்றது. அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழிற்சாலைக் கணக்கைப் பார்த்தார்கள். அங்கே சாதாரண முழுக்கைச் சட்டைக்கு மொத்தத் தையல் நேரம் 20 நிமிடத்தை ஒட்டித்தான் வரும். நவீனத் தையல் மெஷின் நிமிடத்துக்கு 5,000 தையல் போடக்கூடியது. எலியாஸ் ஹோவ் 1845இல் பாஸ்டனில் தன் மெஷினை ஐந்து தையல்காரப் பெண்களோடு போட்டிக்கு விட்டு ஜெயித்துக் காட்டினார். அதற்கும் முன்னால் பிரான்சில் தீமோனியே வைத்திருந்த தையல் மெஷின்களை, தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று பயந்த தையல்காரர்களே உடைத்துப் போட்டார்கள். இதையெல்லாம் வரலாற்றுத் துணுக்காகப் படித்தால் சிரிப்பு வரும். ஒரு வாரமாகக் காலர் முனையோடு போராடிக்கொண்டிருப்பவனுக்கு, மெஷினை உடைத்தவர்களுடைய பயமும் புரிகிறது, அதைக் கண்டுபிடித்தவருடைய அவசரமும் புரிகிறது.

இன்னொன்றும் அந்த நோட்டில் தெரிந்தது. மெஷின் வேகமாகத் தைக்கும், சரி. ஆனால் துணியை எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, வளைவில் திருப்பி, ஊசிக்கு அடியில் செலுத்துவது இன்றைக்கும் கைதான். துணி தொய்கிற பொருள், பிடித்த இடத்தில் நிற்காது. அதனால்தான் இரும்பை வெட்டி ஒட்டும் வேலையை எந்திரக் கைகள் எப்போதோ எடுத்துக்கொண்ட பிறகும், சட்டை தைக்கிற வேலை பெரும்பாலும் மனிதர்களிடமே இருக்கிறது. ஒரு மாணவன் தான் போட்டிருந்த கடைச் சட்டையைக் கழற்றி உள்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தையலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். “இதுவும் ஒரு ஆள் பிடிச்சுக் கொடுத்ததுதானே சார்” என்றான். 2013இல் வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்ததை நான் ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பில் சொல்கிறேன். குறிப்பெடுத்துக்கொள்வார்கள். இந்த வருடம் கேள்வி கேட்டார்கள்.

சரி, குறைகளுக்கு வருவோம்.

பின்னல் துணி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டி-சர்ட்டும் உள்ளாடையும் விளையாட்டு உடையும் பின்னல் துணிதான். இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனால் பாதிப் பேர் அதோடுதான் நாள் கழிப்பார்கள். இழுத்தால் நீள்கிற துணிக்கு நீள்கிற தையல் வேண்டும், இல்லாவிட்டால் துணி தாங்கும்போது நூல் அறும். கையால் குறுக்குத் தையல் போட்டு இதைக் காட்ட ஒரு மதியம் போதும். கடைசி வாரத்தில் ஒரு செய்முறை காட்டியதோடு முடித்துவிட்டார்கள்.

மதிப்பெண் போடும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. நேர்த்திக்குத்தான் பெரும்பங்கு. சின்ன வயதிலிருந்தே ஊசி பிடித்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே முன்னால் நின்றார்கள். அவர்கள் புதிதாகக் கற்றது குறைவு. கம்பளிக்கும் பாலியெஸ்டருக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துச் சொன்னாளே அந்த மாணவி, அவள் சட்டையின் கீழ் மடிப்பு கோணல் என்பதால் சுமாரான மதிப்பெண்தான் வாங்கினாள். அந்த நேரக்கணக்கு நோட்டுக்கும், எதனால் பிரித்தேன் என்று எழுதிய குறிப்புக்கும் பாதி மதிப்பெண் வைத்திருக்க வேண்டும். துறைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.

இடது கைக்காரர்களை யாரும் நினைத்தே பார்க்கவில்லை. கத்தரிக்கோல் எல்லாம் வலது கைக்கானவை. இடது கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றையொன்று விட்டு விலகி, வெட்டாமல் துணியை மடித்துக் கடிக்கும். பின் தையலை அவர்கள் எதிர்த் திசையில் போட வேண்டும். செய்முறை எல்லாமே வலது கைக்குக் காட்டப்பட்டது. இடது கைக்காரப் பையன் ஒருவன், எதிரே உட்கார்ந்து கண்ணாடியில் பார்ப்பது போல் பார்த்துக் கற்றுக்கொண்டான். புத்திசாலி. ஆனால் அது அவன் தலையில் விழ வேண்டிய வேலை இல்லை.

கொடுத்த பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக: திம்பிள் (ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் உறை) ஒரே அளவு, பாதிப் பேர் விரலில் நிற்கவில்லை. ஊசிக் கட்டில் சில ஊசிகளின் காது சரியாகத் தேய்க்கப்படாமல் நூலை அறுத்தது. இன்ச் டேப் பரவாயில்லை. வெளிச்சம் போதாது, மாலை வகுப்பில் கருப்புத் துணியில் கருப்பு நூல் போட வைத்தது கொடுமை.

கிழிந்ததைச் சரி செய்வது, இழை பின்னி ஓட்டை அடைப்பது, இதற்கெல்லாம் கடைசி வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்கினார்கள். பழைய சட்டையின் முழங்கையில் பாவு போல இழையோட்டி, ஊடை போல மேலும் கீழுமாக ஊசியைக் கொண்டுபோய் அடைத்தபோது, நெசவு வகுப்பில் தறியைப் பார்த்தும் புரியாத ஒருத்தி “ஓ, இதுதானா அது” என்றாள். அந்த அரை மணியை முதல் வாரத்தில் வைத்திருக்கலாம். துணி எப்படி உண்டாகிறது என்று கையால் ஒருமுறை செய்துவிட்டு, அப்புறம் வெட்டப் போயிருக்கலாம்.

சக ஆசிரியர் ஒருவர் என்னிடம், “கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற காலத்தில் பள்ளிக்கூடக் கைவேலை வகுப்பு எதற்கு?” என்று கேட்டார். கைவேலையைப் பாடமாக வைத்ததைப் பற்றி அவ்வளவு இளக்காரம் வேண்டாம். ஃபின்லாந்து 1866லேயே ஆரம்பப் பள்ளியில் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அவர் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. கைத்தையல் வேகத்தை வைத்து யாருக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைக்காது. திரையில் முப்பரிமாண உருவத்துக்கு ஆடை மாட்டிப் பார்க்கிற மென்பொருளை அவர்கள் எப்படியும் கற்றாக வேண்டும். அந்த மென்பொருளிலும் துணிக்கு எடை, வளையும் தன்மை, நீளும் தன்மை என்று எண்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வகுப்புக்குப் போனவர்கள் அந்தப் பெட்டிகளை நிரப்பும்போது ஒரு கணம் நிறுத்தி, துணியை எடுத்துக் கிராஸில் இழுத்துப் பார்த்துவிட்டுத் தட்டுகிறார்கள். போகாதவர்கள் ஏற்கெனவே போட்டிருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். என் லேபில் வரும் அறிக்கைகளிலும் வித்தியாசம் தெரிகிறது. முன்பெல்லாம் ‘தையல் தோல்வி’ என்று ஒரே வரியில் முடிப்பார்கள். இப்போது நூல் அறுந்ததா, துணி கிழிந்ததா, இழை விலகியதா என்று பிரித்து எழுதுகிறார்கள்.

சேர்வதானால் சில யோசனை. கத்தரிக்கோலும் ஊசியும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். துணி வெட்டும் கத்தரியில் காகிதம் வெட்டாதீர்கள், பக்கத்து பெஞ்சுக்காரரிடமும் கொடுக்காதீர்கள். கடைசிச் சட்டைக்குத் துணி உங்கள் விருப்பம் என்று சொல்வார்கள். ஆசைப்பட்டு வழுக்குகிற சாட்டினை எடுக்க வேண்டாம். சதுர மீட்டருக்கு 120 கிராம் அளவில் சாதாரண நெசவுப் பருத்தி எடுங்கள். வெளிர் நிறம், நூல் ஒரு படி அடர்த்தியான நிறம். உங்கள் தையல் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோடு போட்ட துணி எடுத்தால் பாவு எங்கே போகிறது என்று தேட வேண்டியதில்லை, ஆனால் பாக்கெட்டிலும் முன்பட்டியிலும் கோடு சேர வைக்கும் வேலை கூடும். எதை எடுத்தாலும் வெட்டுமுன் துவைத்துக் காய வைத்துவிடுங்கள். முன்கூட்டியே சுருக்கி வராத பருத்தி, முதல் துவைப்பில் பாவு வழியே 5 சதவீதம் சுருங்கினால்கூட 60 சென்டிமீட்டர் கையில் 3 சென்டிமீட்டர் போய்விடும்.